ஆம்புலன்ஸ் என்ற ஒற்றைச் சொல்: போக்குவரத்து ஆணையருக்கு நாமக்கல்லிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு,

"தாங்கள் குறிப்பிட்ட வாகனம் ஆம்புலன்ஸ் வகையில் பதிவு பெற்றுள்ளது. அதன் தகுதிச் சான்று நடப்பில் உள்ளது. எனவே மேல் நடவடிக்கை தேவை எழவில்லை." ஓர் ஆம்புலன்ஸின் உட்புறம் பாதுகாப்பாக இல்லை என்று நான் கொடுத்த இரண்டு பக்க மனுவுக்கு உங்கள் துறையின் அலுவலகம் ஒன்றிலிருந்து வந்த பதில் இவ்வளவுதான். அந்த அலுவலகம் எது, வண்டி யாருடையது என்பதை இங்கே நான் எழுதவில்லை. பதில் எழுதிய அலுவலர் பொய் எதுவும் சொல்லிவிடவில்லை. அவர் எழுதிய ஒவ்வொரு சொல்லும் சட்டப்படி சரி. அப்படி ஒரு பதிலைச் சட்டப்படி சரியாக எழுத முடிகிறது என்பதுதான் என் முறையீடு.

நான் நாமக்கல்லில் 27 ஆண்டுகளாக வண்டிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை நடத்துகிறவன். லாரிதான் எங்கள் பிழைப்பு. இடையிடையே பள்ளி வேன், தண்ணீர் வண்டி, ஒருசில ஆம்புலன்ஸ் என்று கட்டியிருக்கிறேன். எந்த ஆங்கிள் எவ்வளவு பாரம் தாங்கும், எந்த போல்ட் எந்தக் குலுக்கலில் தளரும் என்பது கையால் தொட்டுப் பார்த்தே எனக்குத் தெரியும். அதனால்தான் கடந்த ஐப்பசியில் என் அக்காவைக் கோயம்புத்தூருக்கு ஏற்றிச் சென்ற வண்டிக்குள் உட்கார்ந்திருந்த அந்த ஒன்றேகால் மணி நேரத்தை என்னால் மற்றவர்களைப்போல் மறந்துவிட முடியவில்லை.

அக்காவுக்கு நுரையீரலில் தொற்று. சேர்த்திருந்த மருத்துவமனையில், இனி இங்கே வைத்துப் பார்க்க இயலாது, கோவைக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றார்கள். அவர்களே ஒரு வண்டியையும் வரவழைத்தார்கள். பின்கதவில் பெரிய எழுத்தில் "ஐ.சி.யு. வசதி உண்டு" என்று ஒட்டியிருந்தது. உள்ளே ஏறியபோது ஒரு ஸ்ட்ரெச்சர், பக்கவாட்டில் ஒரு பெஞ்சு, ஒரு ஆக்சிஜன் சிலிண்டர், கூட வந்த இருபது வயதுப் பையன் ஒருவன் இவ்வளவுதான் இருந்தது. இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டர் இருக்க வேண்டிய தாங்கி மட்டும் சுவரில் இருந்தது. அதில் ஒரு சால்வையை மடித்துச் செருகி வைத்திருந்தார்கள். நான் அதை அப்போதே கேட்டிருக்க வேண்டும். மூச்சுக்குத் தவிக்கும் மனுஷியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வண்டிக்காரரோடு வாதாட யாருக்கு மனம் வரும்?

திருச்செங்கோடு பேருந்து நிலையத்தை ஒட்டி ஓர் இருசக்கர வண்டி குறுக்கே வந்தது. ஓட்டுநர் பிரேக் போட்டார். அதில் அவர்மேல் குற்றம் ஏதுமில்லை. நல்ல கைப்பழக்கம் உள்ள ஓட்டுநர். ஆனால் அந்த ஒரு பிரேக்கில் சிலிண்டர் தாங்கியோடு சாய்ந்து அக்காவின் கால்மாட்டில் இடித்தது. தூக்கி நிறுத்திவிட்டுத் தாங்கியின் அடியைத் தடவிப் பார்த்தேன். தரை பிளைவுட். கழுவிக் கழுவி ஊறி ஓரமெல்லாம் உப்பியிருந்தது. அந்த ஊறிய பலகையில் நான்கு செல்ஃப் ஸ்க்ரூ அடித்துத் தாங்கியை நிறுத்தியிருக்கிறார்கள். அதிலும் இரண்டு மட்டுமே மிச்சம். லாரியில் ஸ்டெப்னி டயரைக்கூட எங்கள் பட்டறையில் அப்படி மாட்டமாட்டோம். அடியில் இரும்புப் பட்டை கொடுத்து, சேசிஸின் குறுக்குச் சட்டத்தோடு போல்ட் இறக்கி, கீழே வாஷர் போட்டு முறுக்குவோம். அங்கிருந்து ஈரோடு வரை அந்தச் சிலிண்டரை என் இரண்டு கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். பெஞ்சில் எனக்கும் பெல்ட் கிடையாது, அந்தப் பையனுக்கும் கிடையாது.

ஈரோட்டைத் தாண்டிப் பெருந்துறைச் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது பையன் சொன்னான்: "அண்ணா, முள்ளு ரொம்ப கீழ எறங்கீருச்சுங்க." சிலிண்டர் முடியப்போகிறது. மாற்றுச் சிலிண்டர் வண்டியில் இல்லை. இது கைவிரல் விட்டுச் செய்யும் கணக்குதான். பி டைப் என்று சொல்லப்படும் சிலிண்டர் நிறைந்திருந்தால் ஏறத்தாழ 1,500 லிட்டர் ஆக்சிஜன் கொள்ளும். கிளம்பும்போது முள் பாதியில் நின்றது, ஆக 750 லிட்டர். அக்காவுக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் போய்க்கொண்டிருந்தது. 75 நிமிடத்தில் தீர்ந்துவிடும். நாமக்கல்லிலிருந்து கோவை ஏறத்தாழ 150 கிலோமீட்டர். சைரன் போட்டுக்கொண்டு போனாலும் இரண்டரை மணி நேரமாவது ஆகும். புறப்படும் இடத்திலேயே தெரிந்திருக்க வேண்டிய இந்தக் கணக்கைப் போட, அந்த வண்டியில் ஒருவரும் இல்லை. போட வேண்டும் என்று அந்த வண்டியைக் கட்டாயப்படுத்தும் எழுத்தும் அதன் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் இல்லை. சாலையோரத்தில் தென்பட்ட முதல் மருத்துவமனைக்குள் வண்டியைத் திருப்பினோம். அங்கிருந்தவர்கள் எங்கள் ஊரைக்கூடக் கேட்காமல் அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள். அவர்களுக்கு என் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. ஒன்பது நாள் கழித்து அக்கா இறந்துபோனார். அந்த வண்டிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. எந்த மருத்துவரும் அப்படிச் சொல்லவில்லை. நோய் முற்றியிருந்தது. ஆனால் அக்காவின் கடைசி நாட்களில் ஒரு மணி நேரத்தை, ஆம்புலன்ஸ் என்று அரசு எழுதிக் கொடுத்த ஒரு வண்டிக்குள், அச்சத்தில் கழிக்க வைத்தோம் என்பதை நான் எப்படி மாற்றிச் சொல்வது?

இந்த வைகாசியில் வாடிக்கையாளர் ஒருவரின் லாரியை எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுச் சோதனைக்குக் கொண்டு போயிருந்தேன். மூன்று வண்டிக்கு முன்னால் அதே வேன் நின்றது. கதவில் அதே எழுத்து. பிரேக் இன்ஸ்பெக்டர் முகப்பு விளக்கைப் போடச் சொன்னார், ஹார்ன் அடிக்கச் சொன்னார், பிரேக்கைச் சோதித்தார், புகைச் சான்று, காப்பீடு எல்லாம் பார்த்தார். பின்கதவை அவர் திறக்கவில்லை. திறக்கச் சொல்லும் விதி அவர் கையில் இருந்த படிவத்தில் இல்லை என்றே பிறகு அறிந்தேன். வண்டி தேறிவிட்டது. அன்று இரவுதான் அந்த மனுவை எழுதினேன்.

ஆணையர் அவர்களே, நாட்டில் இதற்கு விதியே இல்லை என்றால் நான் இவ்வளவு வருந்தமாட்டேன். விதி இருக்கிறது, அதுவும் தெளிவாகவே இருக்கிறது. ஏ.ஐ.எஸ். 125 என்ற தரநிலை 2014-இல் வகுக்கப்பட்டது; 2018 ஏப்ரல் 1 முதல் தயாராகும் ஆம்புலன்ஸ்கள் அதற்கு உட்பட வேண்டும் என்று மத்திய அரசு விதித்தது. அது ஆம்புலன்ஸை நான்காகப் பிரிக்கிறது. நோயாளி இருக்கும் இடத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்து முதலுதவி செய்யும் வண்டி ஏ வகை. அது ஆளை ஏற்றிச் செல்வதற்கு அல்ல. உயிருக்கு ஆபத்தில்லாத நோயாளியை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுசெல்லும் வண்டி பி வகை. அடிப்படை உயிர்காப்பு வசதி உள்ளது சி வகை. செயற்கைச் சுவாசம், இடைவிடாத கண்காணிப்பு தேவைப்படும் கடும் நோயாளிகளுக்கானது டி வகை. யார் எந்த வண்டியில் போகலாம் என்பது இந்தப் பிரிவிலேயே அடங்கியிருக்கிறது. என் அக்கா போயிருக்க வேண்டியது டி வகை. அவர் போன வண்டியோ பி வகைக்குக்கூடத் தேறுமா என்பது சந்தேகம்.

அந்த நான்கு எழுத்தும் ஆர்.சி.யில் இல்லை. இத்தனை ஆண்டுகளில் என் பட்டறைக்கு வந்த ஆம்புலன்ஸ்களின் பதிவுச் சான்று எல்லாவற்றிலும், வாகன வகை என்ற இடத்தில் "ஆம்புலன்ஸ்" என்ற ஒற்றைச் சொல்லைத்தான் பார்த்திருக்கிறேன். மத்திய அரசின் வாகன வகைப் பட்டியலில் கால்நடை ஆம்புலன்ஸ் தனி வகை. அமரர் ஊர்தி தனி வகை. தீயணைப்பு வண்டி தனி. எக்ஸ்ரே வேன், நடமாடும் மருத்துவமனை தனி. காங்கேயம் காளையை ஏற்றும் வண்டியையும் மனிதரை ஏற்றும் வண்டியையும் பிரித்தறியும் இந்தப் பதிவேடு, மூச்சு நிற்கப்போகும் ஒருவரை ஏற்றும் வண்டியையும் கால் முறிந்து கட்டுப் போட்டவரை வீட்டில் விட்டுவரும் வண்டியையும் பிரித்தறியாமல் விட்டிருக்கிறது.

அந்த ஒற்றைச் சொல்லுக்குச் சட்டம் கொடுக்கும் சலுகைகள் சிறியவை அல்ல. மத்திய மோட்டார் வாகன விதி 119, மற்ற வண்டிகளுக்கு மறுத்த பல்லொலி ஹார்னை ஆம்புலன்ஸுக்கு அனுமதிக்கிறது. விதி 118, வேகக் கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து அதற்கு விலக்கு அளிக்கிறது. சுங்கச்சாவடியில் கட்டணம் கிடையாது. அதற்கு வழிவிடாதவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-இ பிரிவின்கீழ் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அன்று ஈரோட்டு நெரிசலில் எத்தனை லாரிக்காரர்கள், எத்தனை பேருந்து ஓட்டுநர்கள் ஓரம் கட்டி நின்றார்கள் என்று நான் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு வந்தேன். தண்டனைக்குப் பயந்து அவர்கள் ஒதுங்கவில்லை. உள்ளே ஓர் உயிர் இருக்கிறது, அதைக் காப்பாற்றும் ஏற்பாடும் இருக்கிறது என்று நம்பி ஒதுங்கினார்கள். உள்ளே சிலிண்டரைக் காலால் இடுக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருப்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. வேகத்துக்குத் தடையில்லை என்று விலக்குக் கொடுத்த ஒரு வண்டியில், உள்ளிருக்கும் பொருள்கள் அந்த வேகத்தைத் தாங்குமா என்று பார்க்காமல் விடுவது எந்த வகைப் பாதுகாப்பு?

இதில் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். 2011-இல் நானே இரண்டு வேன்களை ஆம்புலன்ஸாக மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அளவு கேட்டேன், "ஒரு ஸ்ட்ரெச்சர் போனால் போதும்" என்றார்கள். செய்து கொடுத்தேன். போல்ட்டை ஒழுங்காகத்தான் போட்டேன், ஆனால் பெஞ்சுக்குப் பெல்ட் வைக்கவில்லை. கேட்கவும் இல்லை, தோன்றவும் இல்லை. 2018-க்குப் பிறகு, சோதனை நிறுவனத்தின் ஒப்புதல் பெற்ற வடிவம் இல்லாமல் ஆம்புலன்ஸ் கட்டுவதில்லை என்று நிறுத்திக்கொண்டேன். அந்த இரண்டில் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டபோது, உரிமையாளரைத் தேடிப்போய் என் செலவில் பெல்ட் பொருத்திக் கொடுத்தேன். மற்றொன்று எங்கே என்று தெரியவில்லை. அக்கா போன வண்டியும் 2016-இல் பதிவானது. ஆகவே புதிய தரநிலை அதற்குப் பொருந்தாது என்பது அலுவலகத்தில் வாய்மொழியாகக் கிடைத்த விளக்கம். அப்படியானால் எட்டு ஆண்டு தாண்டியதால் ஒவ்வோர் ஆண்டும் எஃப்.சி.க்கு வரும் அந்த வண்டியை, வந்து நிற்கும்போதாவது உள்ளே எட்டிப் பார்க்கலாமே என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. இனித் தானியங்கிச் சோதனை நிலையங்களில் இயந்திரமே சோதித்துவிடும் என்கிறார்கள். இயந்திரம் பிரேக்கின் விசையை என்னைவிடத் துல்லியமாக அளக்கும். பின்கதவைத் திறந்து தாங்கியை ஆட்டிப் பார்க்காது.

புதிய வண்டிகளில் வேறொரு கோளாறு. பி வகையாக ஒப்புதல் பெற்று வருகிற வண்டியை வாங்கி, வெளியே "ஐ.சி.யு." என்று எழுதி, உள்ளே ஒரு வென்டிலேட்டரை ஸ்டாண்டில் நிறுத்திக் கயிற்றால் கட்டிவிட்டு, டி வகை வாடகை வாங்குகிறார்கள். ஆர்.சி.யில் வகை எழுதாததால் இதைப் பிடிக்கும் வழி சாலையில் நிற்கும் போலீசாருக்கும் இல்லை, அழைக்கும் மருத்துவமனைக்கும் இல்லை, பதற்றத்தில் நிற்கும் குடும்பத்துக்குச் சுத்தமாக இல்லை. ஒழுங்காக டி வகை வண்டி வைத்து, பயிற்சி பெற்றவரைச் சம்பளம் கொடுத்து அமர்த்தி நடத்தும் உரிமையாளர்கள் எங்கள் பகுதியிலேயே இருக்கிறார்கள். பாதி வாடகைக்கு ஓடும் பெயர்ப்பலகை வண்டியோடு அவர்கள் போட்டியிட வேண்டியிருக்கிறது. அவர்களும் என்னிடம் புலம்பியிருக்கிறார்கள்.

வகைப்பாட்டில் விடுபட்ட இன்னொன்றும் உண்டு. எங்கள் மாவட்டத்துக் கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். அதற்கு மேலும் குண்டூர் நாடு, தேவனூர் நாடு என்று உள்ளே பிரியும் பாதைகளில் பெரிய வேன் போய்த் திரும்ப இயலாத சிற்றூர்கள் இருக்கின்றன. அங்கே பிரசவ வலி வந்தால் ஜீப்தான். சில ஆண்டுகளுக்கு முன் மலையிலிருந்து நான்கைந்து பேர் பட்டறைக்கு வந்து, ஊரில் வசூல் செய்து வாங்கிய ஒரு ஜீப்பில் ஸ்ட்ரெச்சர் மாட்டித் தரச் சொன்னார்கள். படம் வரைந்துகொண்டு விசாரித்தபோது, ஆம்புலன்ஸாகப் பதிய உள்ளளவு போதாது, ஆம்புலன்ஸாகப் பதியாமல் மாற்றினால், வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுக்கு மாறானது என்று சொல்லிவிட்டார்கள். நான் கைவிரித்தேன். அவர்கள் மலையேறிப் போய்ப் பின்சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை விரித்துக்கொண்டார்கள். அந்த ஜீப்புக்குச் சைரன் இல்லை, சலுகை இல்லை. ஏதாவது நேர்ந்தால் காப்பீடு கிடைக்குமா என்பதும் தெரியாது. சமவெளியில் தகுதியில்லாத வண்டிக்குச் சொல் கிடைக்கிறது. மலையில் உண்மையில் உயிரைச் சுமக்கும் வண்டிக்குச் சொல் மறுக்கப்படுகிறது. பர்கூர் மலையிலும் கடம்பூர் மலையிலும் இருப்பவர்களைக் கேட்டால் அவர்களும் இதைத்தான் சொல்வார்கள்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

முதலாவதாக, தமிழ்நாட்டில் ஓடும் ஒவ்வோர் ஆம்புலன்ஸின் பதிவுச் சான்றிலும் வாகன் என்ற மத்திய அரசின் வண்டிப் பதிவுத் தரவுத்தளத்திலும் அதன் வகை எழுத்தைச் சேர்க்க நடவடிக்கை எடுங்கள். வண்டி எண்ணைக் கைப்பேசியில் தட்டினால் அது பி வகையா, சி வகையா, டி வகையா என்று யாரும் பார்த்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும். இதற்கு மத்திய அமைச்சகத்தின் ஒப்புதல் தேவை என்றால், இந்த மடலை இணைத்தே எழுதுங்கள். அந்த ஒப்புதல் வரும்வரை காத்திராமல், வண்டியின் இரண்டு பக்கமும் பின்கதவிலும் வகையைத் தமிழில் எழுத உத்தரவிடுங்கள். நோயாளி போக்குவரத்து வண்டி, அடிப்படை உயிர்காப்பு வண்டி, மேம்பட்ட உயிர்காப்பு வண்டி என்று எழுதினால் படிப்பறிவு குறைந்தவரும் ஒரு முறை கேட்டாலே புரிந்துகொள்வார். வகைக்குப் பொருந்தாத "ஐ.சி.யு." எழுத்துகளை அழிக்கச் சொல்லுங்கள்.

எஃப்.சி. சோதனையில் பின்கதவைத் திறக்க வேண்டும் என்பதைப் படிவத்திலேயே சேருங்கள். ஸ்ட்ரெச்சரும் சிலிண்டர் தாங்கியும் தரையோடு மட்டுமல்லாமல் சட்டத்தோடு பிணைந்திருக்கின்றனவா, பெஞ்சில் உட்காருபவருக்குப் பெல்ட் உண்டா, மாற்றுச் சிலிண்டருக்கு இடம் உண்டா, உபகரணங்கள் பிரேக்கில் பறக்காதபடி பொருத்தியிருக்கின்றனவா என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும். மருத்துவக் கருவிகளைப் பார்க்கும் பொறுப்பு உங்கள் அலுவலர்களுடையது அல்ல என்றால், மக்கள் நல்வாழ்வுத் துறையிலிருந்து ஒருவரை அந்த நாளில் உடன் நிறுத்துங்கள். தானியங்கி நிலையங்களிலும் ஆம்புலன்ஸுக்கு மட்டும் இந்தக் கைச்சோதனை தொடர வேண்டும்.

2018-க்கு முந்தைய வண்டிகளை ஒரே நாளில் நிறுத்திவிடச் சொல்லவில்லை. பல ஊர்களில் அவைதான் இருக்கின்றன. ஓராண்டு அவகாசம் கொடுத்து, தாங்கிகளையும் பெல்ட்டையும் சரிசெய்யச் சொல்லி, தேறுபவற்றை நோயாளி போக்குவரத்து வண்டி என்று மறுவகைப்படுத்துங்கள். தேறாதவற்றின் ஆம்புலன்ஸ் பதிவை நீக்குங்கள். கொல்லிமலை போன்ற மலைப்பகுதிகளுக்கு நான்கு சக்கர இயக்கம் கொண்ட சிறிய வண்டிகளை ஆம்புலன்ஸாக ஏற்கும் ஓர் உட்பிரிவை உருவாக்க மத்திய அமைச்சகத்துக்குத் தமிழ்நாடு அரசின் வழியாகப் பரிந்துரை அனுப்புங்கள். அந்த உட்பிரிவின் அளவுகளை முடிவு செய்யும் முன், மலையில் ஜீப் ஓட்டுபவர்களையும் 108 வண்டிகளில் அங்கே பணிபுரிபவர்களையும் அழைத்துக் கேளுங்கள்.

கடைசியாக, என் மனுவுக்கு வந்த அந்தப் பதிலைத் திரும்பப் பெற்று, குறிப்பிட்ட வண்டியை மறு ஆய்வுக்கு உட்படுத்தி, அதன் முடிவை எனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். ஊறிய பிளைவுட்டில் செல்ஃப் ஸ்க்ரூ அடித்த ஒரு தாங்கியையும், குறுக்குச் சட்டத்தில் போல்ட் இறக்கிய ஒரு தாங்கியையும் பட்டறையில் பக்கத்தில் பக்கத்தில் செய்து வைத்திருக்கிறேன். உங்கள் ஆய்வாளர்கள் எந்த நாளில் வந்தாலும் இரண்டையும் கையால் ஆட்டிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
பாடி கட்டும் பட்டறை உரிமையாளர் ஒருவர்,
நாமக்கல்.